வந்து வந்து போகும் ஹைட்ரோலிக் கோளாறு: பழைய பெக்கோவில் எங்கிருந்து தேடுவது

மரக்குற்றியைத் தூக்கும்போது பூம் (மெசினின் தூக்கும் கை) பாதியில் நின்றுவிடும். எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டுப் பார்த்தால் எதுவும் நடக்காதது போலத் தூக்கும். அரை மணி நேரத்தில் மறுபடியும் அதே கதை. பழைய பெக்கோவும் (மண் தோண்டும் மெசின்) லோடரும் வைத்திருப்பவர்கள் பெரும்பாலானோர் இந்த இடத்தில் "பம்ப் போயிற்று" என்று முடிவுகட்டி, பெருந்தொகை செலவழித்துப் பம்பை மாற்றிவிடுகிறார்கள். கோளாறு அப்படியே இருக்கும். தேய்ந்த பம்ப் பத்து நிமிட ஓய்வில் குணமாகாது. ஓய்வெடுத்ததும் சரியாகிற கோளாறு பெரும்பாலும் பம்புக்கு முன்னால், டேங்குக்கும் பம்புக்கும் இடையில்தான் இருக்கும்.

இணையத்தில் கிடைக்கும் விளக்கங்கள் பல, பனி விழும் நாடுகளில் மரம் வெட்டும் மெசின்களுக்கு எழுதப்பட்டவை. அங்கே ஒயில் குளிரில் தடித்துப்போவதுதான் முதல் சந்தேகம். விஜி 46 ஒயில் (விஜி எண் ஒயிலின் தடிப்பைக் குறிக்கும்) 40 பாகையில் இருப்பதைவிட 0 பாகையில் பத்து மடங்குக்கும் மேல் தடிக்கும். அவர்கள் சொல்வது அவர்களுக்குச் சரி. திருகோணமலையில் மார்கழி விடியலிலும் 20 பாகைக்குக் கீழே போவது அரிது. ஆகவே காலையில் மெசின் முரண்டு பிடித்தால் "குளிர்" என்று விட்டுவிடாதீர்கள். இங்கே தேட வேண்டியவை மூன்று: மாரி மழையின் தண்ணீர், கடற்காற்றின் உப்பு, கச்சான் காற்றுக் காலத்து வெக்கை.

முதலில் கொப்பியும் பேனாவும்

ஸ்பனரைத் தொடுமுன் ஒரு முழு நாள் வேலையைக் கவனித்து எழுதுங்கள். கோளாறு ஸ்டார்ட் செய்து எத்தனை நிமிடத்தில் வருகிறது? பூம், பக்கெட், ஸ்டியரிங் எல்லாமே சோர்கின்றனவா, ஒன்று மட்டுமா? ஓய்வெடுத்தால் எவ்வளவு விரைவில் பலம் திரும்புகிறது? இந்த மூன்று பதிலும் பாதி வேலையை முடித்துவிடும்.

எல்லாமே ஒன்றாகச் சோர்ந்தால் டேங்க், உறிஞ்சும் ஹோஸ், பம்ப், பிரதான ரிலீஃப் வால்வு (அழுத்தம் எல்லை மீறினால் திறந்து விடும் வால்வு) ஆகியவற்றில் தேடுங்கள். ஒன்று மட்டும் சோர்ந்தால் இவற்றை விட்டுவிட்டு அந்தச் சிலிண்டரையும் அதற்குரிய கண்ட்ரோல் வால்வுப் பகுதியையும் பாருங்கள். பத்து நிமிட ஓய்வில் பலம் திரும்பினால் கோளாறு உறிஞ்சும் பக்கம், அதாவது டேங்குக்கும் பம்புக்கும் இடையில். ஒயில் முழுதாகச் சூடேறிய பின் மெதுவாகச் சோர்ந்து, ஆறிய பிறகே பலம் திரும்பினால் மெல்லிய ஒயில் அல்லது உள்ளே தேய்மானம்.

பாதுகாப்பு

இதைத் தாண்டிப் போகாதீர்கள். பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, எல்லா லீவர்களையும் நாலைந்து தடவை முன்னும் பின்னும் அசைத்து உள்ளே நிற்கும் அழுத்தத்தை விடுங்கள். தூக்கிய பூமுக்குக் கீழே எந்தக் காரணத்துக்கும் போக வேண்டாம். ஹோஸில் லீக் தேடும்போது கையால் தடவக் கூடாது. ஒரு காட்போட் துண்டைப் பிடித்துப் பாருங்கள். ஊசித் துளையிலிருந்து பாயும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சிறு புள்ளியாகத்தான் தெரியும், முதலில் வலிக்கவும் மாட்டாது. ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், "அழுத்தத்தில் ஒயில் ஏறியது" என்று சொல்ல வேண்டும். தாமதித்தால் விரலை இழக்க நேரும்.

ஒரு நிமிடச் சோதனை: டேங்க் மூடி

கோளாறு வந்திருக்கும் அந்த வேளையிலேயே, பக்கெட்டை இறக்கிவிட்டு டேங்க் மூடியை மெதுவாகத் திறவுங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டு, அதன் பின் மெசின் நன்றாக வேலை செய்தால் சுவாசத் துவாரம் அடைத்திருக்கிறது. சிலிண்டர்கள் நீளும்போது டேங்கில் ஒயில் மட்டம் இறங்கும். அந்த இடத்துக்குக் காற்று வராவிட்டால் பம்புக்கு ஒயில் கிடைக்காது. தம்பலகாமத்து வயற்சேறும் மகாவலி மணலும் இந்தச் சின்னத் துவாரத்தை எளிதில் அடைத்துவிடும். மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்துப் பூட்டுங்கள். துவாரத்தில் இருக்கும் வடிகட்டிப் பஞ்சு இறுகிப்போயிருந்தால் புதிதாகப் போடுங்கள்.

ஒயிலைப் போத்தலில் பார்ப்பது

மெசின் ஓடிக்கொண்டிருந்த சூட்டோடு ஒரு கண்ணாடிப் போத்தலில் ஒயில் எடுங்கள். பால் நிறமாக இருந்தால் அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்து வந்தால் அது காற்று. இரவு முழுக்க வைத்தும் கலங்கலாகவே இருந்தால், அல்லது அடியில் தண்ணீர் தங்கினால், அது மழைத்தண்ணீர். சந்தேகம் தீராவிட்டால் பழைய தகரத் துண்டைக் காஸ் அடுப்பில் நன்கு சூடாக்கி, கண்ணாடி அணிந்துகொண்டு, அதன் மேல் இரண்டு துளி விடுங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது.

ஐப்பசி முதல் தை வரை இந்தச் சோதனையை மாதம் ஒரு தடவையாவது செய்யுங்கள். தண்ணீர் அடியில் தங்கியிருந்தால், காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் டேங்கின் அடிப் பிளக்கைச் சற்றுத் தளர்த்துங்கள். தண்ணீர் முதலில் வெளியே வரும், ஒயில் வந்ததும் இறுக்குங்கள். முழுதாகப் பால் போலக் கலந்துவிட்ட ஒயிலைக் காப்பாற்ற முடியாது. சிலிண்டர்களை உள்ளிழுத்து வைத்து முழுவதையும் வடித்து மாற்றத்தான் வேண்டும்.

உறிஞ்சும் பக்கம்

போத்தலில் காற்று தெரிந்தால் இங்கே நேரம் செலவழியுங்கள். பெரும்பாலான பழைய மெசின்களின் நோய் இங்கேதான். இந்தப் பக்கத்தில் ஒயில் வெளியே கசியாது, காற்று உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். காற்று போனால் பம்பில் டப்பாவுக்குள் கூழாங்கல் குலுக்குவது போன்ற சத்தம். ஒயில் போதாமல் தவித்தால் கூர்மையான ஒரே சீரான கீச்சொலி. எஞ்சின் மெதுவாக ஓடும்போது, சுழலும் பாகங்களில் கை படாதபடி, உறிஞ்சும் ஹோஸின் ஒவ்வொரு பொருத்திலும் கிறீஸை அப்பிக்கொண்டே வாருங்கள். எந்தப் பொருத்தில் அப்பியதும் சத்தம் மாறுகிறதோ அங்கே லீக்.

கிளிப்பை இறுக்கியும் நிற்காவிட்டால் ஹோஸைக் கழற்றுங்கள். வெளியே நல்லதாகத் தெரியும் ஹோஸின் உள்தோல் பிரிந்து தொங்கும். குளிர்ந்திருக்கையில் விறைப்பாக நின்று வழிவிடும், சூடேறி இளகியதும் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும். விரலை உள்ளே விட்டுப் பாருங்கள், டோர்ச் அடித்துப் பாருங்கள். புது ஹோஸ் ஒயிலுக்குரியதாக, உள்ளே கம்பிச்சுருள் உள்ளதாக இருக்க வேண்டும். தண்ணீர்ப் பம்பின் ஹோஸை வெட்டிப் போடுவது கூடவே கூடாது. சில வாரங்களில் ஊதிக் கரைந்து, துண்டுகள் பம்புக்குள் போகும்.

அடுத்தது டேங்குக்குள் இருக்கும் வலை வடிகட்டி. ஓடும்போது குப்பை வலையில் ஒட்டும், நிறுத்தினால் உதிர்ந்து அடியில் விழும், மறுபடி ஓடினால் மறுபடி ஒட்டும். "பத்து நிமிடம் விட்டால் சரியாகிறது" என்பதன் விளக்கம் பெரும்பாலும் இதுதான். வலையைக் கழற்றிக் கழுவும்போது டேங்கின் அடிச்சேற்றையும் நூல் உதிராத துணியால் துடைத்து எடுங்கள். வலையை மட்டும் கழுவினால் அதே குப்பை திரும்பி ஏறும்.

கேஜ் போட்டுப் பார்ப்பது

இதுவரை எதுவும் அகப்படாவிட்டால் சோதனைத் துவாரத்தில் 400 பார் வரை காட்டும் அழுத்தக் கேஜ் பூட்டுங்கள். ஒயில் சூடாக இருக்க வேண்டும். பக்கெட்டை முழுதாகச் சுருட்டி லீவரைச் சில வினாடி மட்டும் பிடியுங்கள். பழைய பெக்கோக்களில் 170 முதல் 230 பார் வரை காட்டுவது வழக்கம். உங்கள் மெசினுக்கு உரிய எண் கையேட்டில் இருக்கும், அதுவே முடிவு. முள் சில வேளை ஏறி, சில வேளை ஏறாமல் இருந்தால் ரிலீஃப் வால்வின் இருக்கையில் துகள் சிக்கியிருக்கலாம். கழற்றிக் கழுவுங்கள், ஆனால் திருகை எத்தனை சுற்றுக் கழற்றினீர்கள் என்று எண்ணி அதே இடத்தில் நிறுத்துங்கள். பலம் கூட்ட நினைத்து இறுக்கினால் ஹோஸ் வெடிக்கும்.

ஒரு சிலிண்டர் மட்டும் இறங்குகிறதென்றால் முதலில் அதன் தண்டைத் துணியால் துடைத்துவிட்டு நகத்தால் உரசிப் பாருங்கள். நிலாவெளியிலிருந்து புல்மோட்டை வரை கடலோரம் நிற்கும் மெசின்களில் உப்பு தண்டின் குரோமைத் துளைத்துப் புள்ளி புள்ளியாகக் குழி விடும். அந்தக் குழி ஒவ்வொரு அசைவிலும் ஒயில் கசியாமல் தடுக்கும் ரப்பர்ச் சீலைக் (seal) கிழிக்கும், கிழிந்த சீல் வழியே மழைத்தண்ணீர் உள்ளே போகும். தண்டைப் பழுது பார்க்காமல் சீலை மட்டும் மாற்றினால் காசுதான் வீண். வேலை முடிந்ததும் தண்டுகள் உள்ளே போகும்படி நிறுத்துங்கள். வெளியே நிற்கும் பகுதியில் கிறீஸ் பூசித் தறப்பாள் போடுங்கள்.

வெக்கைக் காலத்துச் சோர்வு

வைகாசி, ஆனியில் வெயில் 35 பாகையைத் தொடும்போது டேங்க் ஒயில் 80 பாகையை நெருங்கும். குளிர் நாட்டிலிருந்து வந்த பழைய மெசினில் மெல்லிய ஒயில் இருந்தால் பகலில் பலம் போய்விடும். கையேடு அனுமதித்தால் விஜி 68க்கு மாறுங்கள். அதற்கு முன் ஒயிலை ஆற்றும் கூலரில் படிந்த தூசியைக் கழுவுங்கள். பல மெசின்களில் அதுவே போதும். ஒயில் மாற்றியும் மத்தியானம் சோர்ந்தால், அப்போதுதான் பம்பைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கும் சாட்சி இருக்கிறது: பழைய பில்டரை வெட்டித் தாளை விரித்துப் பாருங்கள். பித்தளை மினுக்கம் பம்பின் தேய்மானம். கறுத்த ரப்பர்த் துணுக்கு சீல் அல்லது ஹோஸ்.

எதை மாற்றினாலும் பில்டரையும் கூடவே மாற்றி, 50 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு இன்னொரு பில்டர் போடுங்கள். வடித்த ஒயிலை மண்ணிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல் பீப்பாயில் சேர்த்து, பழைய ஒயில் வாங்குபவர்களிடம் கொடுங்கள்.