ஒரு செஸ் ஆட்டம் எவ்வளவு தூரம் இழுக்கும்? நீங்களே கணக்குப் போடலாம்

ஜெயிப்பதை மறந்துவிட்டு, இழுத்தடிப்பதே குறியாக இரண்டு பேர் செஸ் ஆடினால் ஆட்டம் முடியவே முடியாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முடியும். எத்தனையாவது நகர்த்தலில் என்பதைக்கூடச் சொல்லிவிடலாம். தாள், பேனா எடுத்துக்கொள்ளுங்கள். பலகையும் பக்கத்தில் இருக்கட்டும், மூன்றாம் படியில் வேண்டியிருக்கும்.

படி 1: எங்கே நிறுத்துவார்கள்?

வெள்ளை ஒரு தடவை, கருப்பு ஒரு தடவை ஆடினால் ஒரு நகர்த்தல். சிப்பாயும் நகராமல், காயும் வெட்டுப்படாமல் 50 நகர்த்தல் போனால் டிரா கேட்கலாம். இருவரும் கேட்காவிட்டால்? அந்த ஓட்டையை உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 2014-இல் அடைத்தது: 75 நகர்த்தல் ஆனால் யாரும் கேட்காமலே டிரா. ஒரே நிலை ஐந்து முறை வந்தாலும் அப்படித்தான், ஆனால் காய்களைச் சுற்றவிட இடம் நிறைய இருப்பதால் அது நமக்குத் தொல்லை இல்லை.

படி 2: எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கும் வாய்ப்புகள்

75 நிறைவதற்குள் ஒரு சிப்பாயை நகர்த்தினால், அல்லது ஒரு காயை வெட்டினால், எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. 16 சிப்பாய்கள், ஒவ்வொரு கட்டமாகப் போனால் ஆளுக்கு 6 நகர்த்தல்: 96. ராஜாக்கள் இரண்டையும் விட்டால் வெட்டக்கூடிய காய்கள் 30. மொத்தம் 126.

படி 3: சிப்பாய்கள் முட்டிக்கொள்ளுமே!

எனக்குப் பிடித்த இடம் இது. எதிரெதிரே நிற்கும் சிப்பாய்கள் நேராகப் போனால் வழி அடைத்துக்கொள்ளும். பலகையில் மேல்கீழாகப் போகும் ஏ, பி வரிசைகளை மட்டும் பாருங்கள் (ஏ4 என்றால் ஏ வரிசையில் வெள்ளையின் பக்கமிருந்து நான்காவது கட்டம்). வெள்ளையின் ஏ4 சிப்பாய், பி5-இல் நிற்கும் கருப்புக் குதிரையை வெட்டட்டும். கருப்பின் ஏ சிப்பாய்க்கு வழி கிடைத்துவிட்டது. அப்புறம் கருப்பின் பி6 சிப்பாய், ஏ5-இல் நிற்கும் வெள்ளைக் குதிரையை வெட்டட்டும். இப்போது நான்கு சிப்பாய்களுக்குமே பாதை திறந்தாச்சு!

இரண்டு வரிசைக்கு இரண்டு வெட்டு என்றால் எட்டு வரிசைக்கு எட்டு. இந்த எட்டும் வெட்டாகவும் சிப்பாய் நகர்த்தலாகவும் இரண்டு தடவை எண்ணப்பட்டவை. 126-இல் 8 போக 118.

படி 4: பெருக்குங்கள்

118 × 75 = 8,850. இதில் ஒன்றரையைக் கழிக்க வேண்டும். பூஜ்யமாக்கும் வேலை வெள்ளையிடமிருந்து கருப்புக்கோ, கருப்பிடமிருந்து வெள்ளைக்கோ கைமாறும்போதெல்லாம் அரை நகர்த்தல் வீணாகிறது. எவ்வளவு சாமர்த்தியமாக ஆடினாலும் மூன்று முறையாவது கைமாறும். ஆக, 8,848.5. கடைசி வெட்டுக்குப் பின் ராஜாக்கள் மட்டும் மிஞ்சுவதால் அங்கேயே ஆட்டம் முடிந்துவிடும், அதற்குமேல் இன்னொரு 75 கிடையாது.

படி 5: கடிகாரத்தில் பார்த்தால்?

ஆளுக்கு 90 நிமிடம், 40-ஆம் நகர்த்தலுக்குப் பின் 30 நிமிடம், ஒவ்வொரு தடவை ஆடும்போதும் கூடுதலாக 30 விநாடி என்று வையுங்கள். ஏறக்குறைய 151 மணி நேரம் வருகிறது. சாப்பாடு, தூக்கம் இல்லாமல் ஆறு நாளுக்கு மேல். நடுவர் பாவம்!

நிஜப் போட்டிகளில் 1989-இல் பெல்கிரேடில் நிகோலிச்சும் அர்சோவிச்சும் ஆடியது 269 நகர்த்தல், 20 மணி நேரத்துக்கு மேல். கடைசியில் டிரா. ஒருவரிடம் யானையும் மந்திரியும், மற்றவரிடம் யானை மட்டும் என்ற நிலைக்கு அப்போது 50-க்குப் பதில் 100 நகர்த்தல் அனுமதி இருந்தது. அவர்கள் வந்து நின்றது அந்த நிலையில்தான்.