ஆர்சி ஹெலிகாப்டருக்குப் பெயிண்டும் ஸ்டிக்கரும்: வடசென்னைக் காற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் முதன்முதலில் ஒரு கேனோபிக்கு, அதாவது ரிமோட்டில் பறக்கும் ஹெலிகாப்டரின் முன்பக்கத்தை மூடும் மேலோட்டுக்கு, பெயிண்ட் அடித்தது ஒரு நவம்பர் மாதம், தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில். இரண்டு நாள் பெய்த மழை அன்றுதான் ஓய்ந்திருந்தது. வெயில் தலைகாட்டியதும் கறுப்பு என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டை எடுத்து அடித்துவிட்டேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் கறுப்பு கறுப்பாக இல்லை. பால் கலந்த தண்ணீரைத் தடவியதுபோல வெளுத்துக் கிடந்தது. பெயிண்ட் பழசோ என்று சந்தேகப்பட்டு, பக்கத்தில் டிங்கரிங் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விரலால் ஒரு தடவு தடவிப் பார்த்தார். "பெயிண்ட் மேல தப்பு இல்ல தம்பி. ஈரக் காத்துல அடிச்சிருக்க" என்றார்.

அவர் சொன்னதன் காரணம் இதுதான். என்சி பெயிண்டில் இருக்கும் தின்னர் மிக வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது அடித்த பரப்பைக் குளிர வைக்கும். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் துளிர்ப்பதைப்போல, காற்றில் உள்ள ஈரம் அந்தக் குளிர்ந்த பெயிண்ட் மேல் படிந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். அந்த ஈரம்தான் வெள்ளையாகத் தெரிகிறது. ஃபைபர் (கண்ணாடியிழை) கேனோபியாக இருந்தால் காய்ந்த காற்றுள்ள ஒரு நாளில், மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை மெல்லியதாக ஒரு கை அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். என்னுடையதும் தெளிந்தது.

கடலை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு இது எப்போதும் இருக்கும் பிரச்சினை. காசிமேடு முதல் எண்ணூர் வரை விடியற்காலைக் காற்றில் ஈரம் அதிகம். மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வரும்போது திரும்பவும் ஏறும். நான் அடிப்பது காலை ஒன்பதரை, பத்து மணிக்கு மேல், கடற்காற்று தொடங்குவதற்குள். மாதம் என்று பார்த்தால் பொங்கல் முடிந்து மார்ச் வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்சி பக்கமே போகாதீர்கள். அக்னி நட்சத்திர வெயிலில் இதற்கு நேர்மாறான சிக்கல்: துளி கேனோபியைத் தொடுவதற்குள் பாதி காய்ந்து, உப்புத்தாள் மாதிரிச் சொரசொரவென்று உட்காரும். போகி அன்று காலையில் அடிக்கவே வேண்டாம். தெருவில் எரிப்பதன் கரி முழுக்க உங்கள் பெயிண்டில்தான் வந்து இறங்கும். மற்ற நாட்களிலும் மாடியில் தூசு பறக்கத்தான் செய்யும். மளிகைக் கடையிலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டி வாங்கி, ஒரு பக்கத்தை வெட்டித் திறந்து, அதற்குள் கேனோபியைத் தொங்கவிட்டு அடியுங்கள்.

அலமாரியில் அழகு, வானத்தில் குருட்டாட்டம்

எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறு பெயிண்ட் அடிக்கும் விதத்தில் இல்லை, நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. கார், பைக் போல இதையும் கையில் வைத்துப் பார்த்து ரசிக்கும் பொருளாக நினைத்து நிறம் முடிவு செய்கிறோம். ஆர்சி ஹெலிகாப்டரை ஓட்டுகிறவர் அதற்குள் உட்கார்ந்திருக்கவில்லை. ஐம்பது மீட்டர் தள்ளித் தரையில் நிற்கிறார். அது தன்னை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைக் கண்ணால் மட்டுமே அறிய வேண்டும். மூக்கு உங்கள் பக்கம் திரும்பினால் இடது வலது மாறிவிடும். ஒரு நொடி குழம்பினாலும் ரிமோட்டின் ஸ்டிக்கைத் தப்பான பக்கம் தள்ளிவிடுவீர்கள். அந்த ஒரு நொடியைக் காப்பாற்றித் தருவதுதான் பெயிண்டின் முதல் வேலை. பிறகுதான் அழகு.

நம் பக்கத்து வானம் பல நாட்கள் நீலமாக இருப்பதில்லை. வெளிர் சாம்பலாக, புகை மூட்டமாக இருக்கும். அந்தப் பின்னணியில் வெள்ளை, வெள்ளி, வெளிர்நீலக் கேனோபிகள் கரைந்துபோகும். வெளிச்சம் பின்னால் இருந்தால் எந்த நிறமாக இருந்தாலும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். அதனால் நிறத்தைவிட நிறங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு முக்கியம். மேல்பக்கம் பளிச்சென்ற மஞ்சளோ ஆரஞ்சோ, அடிவயிறு கறுப்பு, அதில் குறுக்கே இரண்டு மூன்று அகலமான வெள்ளைப் பட்டைகள். அடி தெரிகிறதா மேல் தெரிகிறதா என்பதில் சந்தேகமே வராது. மூக்குக்கு ஒரு நிறம், வால் துடுப்புக்கு வேறு நிறம். மெல்லிய கோடுகள், சின்னச் சின்ன எழுத்துகள், தீப்பிழம்பு டிசைன் எல்லாம் இருபது மீட்டருக்கு அப்பால் ஒன்றாகக் குழம்பிவிடும். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைவான எந்தப் பட்டையையும் நான் இப்போது போடுவதில்லை.

வேலை முடிந்து சாயங்காலம்தான் நம்மில் பலர் பறக்க விடுகிறோம். வெளிச்சம் மங்க மங்க மனிதக் கண்ணுக்குச் சிவப்புதான் முதலில் இருண்டு போகும். பச்சையும் நீலமும் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கும். முழுச் சிவப்புக் கேனோபி மதியம் தீயாக ஒளிரும், ஆறு மணிக்குக் கறுப்பாகிவிடும். ஃப்ளோரசன்ட் மஞ்சள்பச்சை சாயங்காலத்துக்கு நல்லது. ஆனால் அதற்கு அடியில் கட்டாயம் வெள்ளை வேண்டும். இல்லாவிட்டால் மங்கலாகத்தான் இருக்கும். அந்த நிறம் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும் என்பதால், பறக்காத நேரத்தில் கேனோபியை மூடி வையுங்கள்.

பிளேடில் கை வைக்காதீர்கள்

மேலே சுழலும் பிளேடுக்கும் கேனோபி நிறத்திலேயே பெயிண்ட் அடித்தால் பொருத்தமாக இருக்குமே என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம்.

450 என்ற அளவுப் பிரிவில் வரும் ஹெலிகாப்டரில் பிளேடின் நுனி, மையத்திலிருந்து சுமார் 36 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றும்போது அந்த நுனியில் ஒட்டியிருக்கும் எந்தப் பொருளும் தன் எடையைப்போல் 3,000 மடங்குக்கு மேல் வெளியே இழுக்கப்படும். அரை கிராம் ஸ்டிக்கர் ஒன்றரைக் கிலோவாக இழுக்கும். அதன் பசை அதற்கெல்லாம் செய்யப்பட்டதில்லை. ஒரு பக்க ஸ்டிக்கர் பிய்த்துக்கொண்டு போனால், அந்த ஒன்றரைக் கிலோ வித்தியாசம் நொடிக்குச் சுமார் 47 தடவை மெயின் ஷாஃப்டை (பிளேடுகளைச் சுழற்றும் தண்டை) உலுக்கும். பிய்ந்து போகாவிட்டாலும், இரண்டு பிளேடிலும் விழுந்த பெயிண்டில் பத்தில் ஒரு பங்கு கிராம் வித்தியாசம் இருந்தால் போதும், நுனியில் அது 300 கிராம். அந்த அதிர்வில் பேரிங் தேயும், திருகுகள் தளரும், ஹெலிகாப்டரை நிலையாக வைக்கும் கைரோ சென்சார் குழம்பும்.

பேலன்ஸ் பார்த்துச் சரிசெய்துவிடலாம் என்று நீங்கள் சொல்லலாம். செய்யலாம்தான். ஆனாலும் பிளேடில் பெயிண்ட் வேண்டாம் என்பதற்கு எனக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. பிளேடின் அடிப்பகுதியில், போல்ட் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் விழுந்தால் அதைக் கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெயிண்ட் அதை மறைத்துவிடும். கம்பெனியிலிருந்து வரும்போதே நிறம் போட்ட பிளேடுகள் கிடைக்கின்றன, அவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பிளேடு உயரத்தில் சுற்றுகிறது என்று பார்க்க ட்ராக்கிங் டேப் ஒட்டுவது வேறு விஷயம். அதிலும் இரண்டு நிறத் துண்டுகளும் ஒரே அளவில், ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒட்டியபின் பேலன்ஸும் பார்த்தாக வேண்டும்.

டெயில் பூமிலும் (வாலைத் தாங்கும் நீளக் குழாய்) ஓர் எச்சரிக்கை: ஃப்ரேம் கவ்விப் பிடிக்கும் இடத்தில் பெயிண்டோ வினைலோ இருந்தால் பிடி நழுவி பூம் திரும்பிவிடும். அந்த இடங்களைச் சுத்தமாக விடுங்கள்.

உள்ளேயா வெளியேயா

கேனோபி எதனால் ஆனது என்று தெரியாமல் ஸ்ப்ரே கேனைக் கையில் எடுக்கக் கூடாது. கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால் அது பெரும்பாலும் பாலிகார்பனேட், லெக்சான் என்று சொல்வார்கள். அதற்கு உள்பக்கம்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும். அதற்கென்று விற்கும் பெயிண்ட்தான் வேண்டும். சாதாரண ஸ்ப்ரே அதில் வளையாமல் உதிர்ந்துவிடும், தின்னரோ அசிட்டோனோ பட்டால் பிளாஸ்டிக்கே வெடித்து மங்கும். திருகுக்குப் போடும் நீல லாக் திரவம் பட்டாலும் விரிசல் விழும். உள்பக்கம் அடிப்பதால் வரிசையும் தலைகீழ்: அடர்நிறம் முதலில், வெளிர்நிறம் அடுத்து, எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கை வெள்ளை. மஞ்சளை முதலில் அடித்து மேலே கறுப்பு போட்டால், ஓரத்தில் கசிந்த கறுப்பு மஞ்சளை அழுக்காக்கிக் காட்டும். வெளிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய பாதுகாப்புத் தாளை எல்லாம் முடிந்த பிறகுதான் உரிக்க வேண்டும்.

ஃபைபர் கேனோபி என்றால் வெளிப்பக்கம். இங்கே பலர் தவறவிடுவது கழுவுவதை. அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காகத் தடவிய மெழுகு அதன் மேல் இன்னும் இருக்கும். அதைப் போக்காமல் வாட்டர் பேப்பர் போட்டால் மெழுகைத் தேய்த்து உள்ளே ஏற்றுவதுதான் நடக்கும். அடித்த பெயிண்ட் மாஸ்கிங் டேப்போடு தோல்போல உரிந்து வரும். முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி, அதற்கப்புறம் 400, 600 நம்பர் வாட்டர் பேப்பர், தண்ணீரோடு. காய்ந்த ஃபைபரைத் தேய்த்தால் வரும் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஊசித் துளைகள் இருந்தால் மெல்லிய பட்டி வைத்துத் தேய்த்துவிட்டு, பிரைமர் அடியுங்கள்.

எனாமல் காய்ந்திருக்கிறதே என்று அதன் மேல் என்சி அடிப்பதும் அடிக்கடி நடக்கிறது. தின்னர் கீழே உள்ள எனாமலை ஊற வைத்து, தோல் சுருங்கியதுபோல மொத்தமும் சுருக்கம் விழும். அதைச் சரிசெய்ய வழியில்லை, சுரண்டி எடுக்கத்தான் வேண்டும்.

மாஸ்கிங் டேப்பைப் பெயிண்ட் கல்லாக இறுகும்வரை விடாதீர்கள். தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும், டேப்பைத் தன்மேலேயே மடக்கி மெதுவாக இழுங்கள். ஓரம் கசியாமல் இருக்க, டேப் ஒட்டியதும் அடியில் இருக்கும் அதே நிறத்தை ஒரு கை லேசாக அடித்து ஓரத்தை அடைத்துவிட்டு, புது நிறத்தை அதன் பிறகு அடிக்கலாம்.

நைட்ரோ இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த எரிபொருளில் மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் இருக்கின்றன. சாதாரண ஸ்ப்ரே பெயிண்டை அது கரைத்துப் பிசுபிசுப்பாக்கும். ஹார்ட்னர் (இறுக வைக்கும் திரவம்) கலந்த பியூ கிளியர், அதாவது பாலியூரித்தேன் நிறமில்லாப் பூச்சுதான் தாங்கும். அதை வீட்டில் அடிக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. துணி மாஸ்க், என்95 எதுவும் அந்த ஆவியைத் தடுக்காது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் ஆஸ்துமாவாக நிலைக்கலாம். பெயிண்ட் பூத் வைத்திருக்கும் கார் டிங்கரிங் கடையில் கொடுங்கள். ஏதாவது ஒரு காருக்கு அடிக்கும்போது சேர்த்து அடித்துத் தருவார்கள்.

ஸ்டிக்கர்

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகப் பெயிண்ட் முழுக்கக் காய்ந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. மூக்கருகே வைத்து முகர்ந்து பாருங்கள். தின்னர் வாசனை வந்தால் இன்னும் ஆவி வெளியேறிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் வினைல் ஒட்டினால் அந்த ஆவி போக வழியில்லாமல் அம்மைக் கொப்புளம்போல எழும்பும். எனாமலுக்கு நான் ஒரு வாரம் விடுகிறேன், மழைக்காலத்தில் பத்து நாள்.

வண்டிக்கு நம்பர் பிளேட் ஒட்டும் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கேலண்டர்டு வினைல், தட்டையான இடத்துக்குச் செய்தது. கேனோபியின் மூக்குபோல இரண்டு பக்கமும் வளைந்த இடத்தில் அதை இழுத்து ஒட்டினால், வெயிலில் பழைய அளவுக்குச் சுருங்கி ஓரம் தூக்கும். காஸ்ட் வினைல் என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல், ஆனால் மெல்லியது, வளைவுக்கு இணங்கிப் போகும்.

காய்ந்த கேனோபியில் நேரடியாக ஒட்டப் போனால் ஒரே வாய்ப்புதான். கோணல் விழுந்தால் முடிந்தது. அரை லிட்டர் தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டு பாத்திர சோப்பு விட்டு, கேனோபியிலும் ஸ்டிக்கரின் பசைப்பக்கத்திலும் தெளியுங்கள். நகர்த்தி நகர்த்தி இடம் பார்க்கலாம். பிறகு துணி சுற்றிய பழைய ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுங்கள். ஒரு ராத்திரி அப்படியே விட்டு, மறுநாள் ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி ஓரங்களை அழுத்துங்கள். ஹீட் கன் வேண்டாம், பிளாஸ்டிக் கேனோபி நெளிந்துவிடும். கூர்மூலைகளை ஒட்டுவதற்கு முன்பே கத்தரியால் வட்டமாக்குங்கள். மூலைதான் முதலில் பிரியும். ஒன்றின் மேல் ஒன்று வரும் இடத்தில் ஓடு வேய்வதைப்போல, முன்பக்கத் துண்டு பின்பக்கத் துண்டின் மேல் படிய வேண்டும். காற்று எதிரே வரும்போது விளிம்பைக் கிளப்பாது.

தண்ணீரில் நனைத்துத் தாளிலிருந்து நழுவவிட்டு ஒட்டும் வாட்டர் ஸ்லைடு டெக்கலை வீட்டு இங்க்ஜெட் பிரின்டரில் எடுத்தால், தண்ணீரில் போடுவதற்கு முன் கிளியர் அடித்துக் காய வையுங்கள். இல்லையென்றால் மை கரைந்து ஓடும்.

கண்ணாடிபோல மின்னும் குரோம் ஸ்டிக்கர்களில் மெல்லிய உலோகப் படலம் இருக்கலாம். ரிசீவர் ஆன்டெனாவுக்கு நேர் மேலே அவற்றை ஒட்டாதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவின் முனையில் உறை இல்லாத சுமார் 31 மில்லிமீட்டர்தான் சிக்னல் வாங்குகிறது, அதை உலோகத்துக்குப் பின்னால் ஒளிக்கக் கூடாது. மோட்டாரும் ஸ்பீட் கன்ட்ரோலரும் குளிர்வதற்காக விட்ட துளைகளையும் டிசைனுக்காக மூடிவிடாதீர்கள், நம் ஊர் வெயிலுக்கு அந்தத் துளைகள் அவசியம் வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் கேனோபியைச் சமையல் தராசில் நிறுத்து, அடிப்பதற்கு முன் இருந்த எடையோடு ஒப்பிடுங்கள். கூடிய எடை முழுக்க முன்பக்கம்தான் சேர்ந்திருக்கும். கேனோபியை மாட்டி, பேட்டரியையும் வைத்து, பிளேடு ஹெட்டைப் பிடித்துத் தூக்கினால் பூம் கிடைமட்டமாக நிற்க வேண்டும். மூக்கு தாழ்ந்தால் பேட்டரியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்துங்கள். அப்புறம் கேனோபியின் உள்பக்கம் மார்க்கரால் பெயிண்டின் வகை, நிற எண், எந்தத் தின்னர், அடித்த தேதி எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். லெக்சான் என்றால் ஒரு சீட்டில் எழுதி உள்ளே ஒட்டினால் போதும். அடுத்த தடவை கீழே விழுந்து கீறிக்கொண்டு வரும்போது, அதன் மேல் எதை அடிக்கலாம் என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.