உணவு வங்கி நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நன்கொடையாக வரும் உணவுப் பொருட்களைச் சேர்த்து, தேவைப்படுபவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் இடம்தான் உணவு வங்கி. குடியிருப்புப் பகுதியில் அதைத் தொடங்குபவர்கள் முதலில் கவலைப்படுவது சரக்குக்குத்தான். அது எப்படியாவது வந்துவிடும். 1967இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் முதல் உணவு வங்கியைத் தொடங்கியதே, கடைகள் தூக்கிப்போடும் நல்ல உணவை நம்பித்தான். வந்த சரக்கை எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி பை கட்டிக் கொடுப்பது பரவலாக நடக்கும் தவறு. வேலையும் சுலபம், கணக்கும் சுலபம். ஆனால் சர்க்கரை நோயாளி வீட்டுக்கு இனிப்பு பிஸ்கட் போகும். அடுப்பே இல்லாத அறையில் தங்கியிருப்பவருக்கு ஒரு மணி நேரம் வேகவேண்டிய பயறு போகும். சும்மா கிடைத்ததை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. வாங்கிக்கொண்டு போய் மூலையில் போட்டுவிடுவார்கள்.

அதற்குப் பதிலாக அலமாரியில் அடுக்கி, ‘இந்தத் தட்டில் இரண்டு, அந்தத் தட்டில் ஒன்று எடுத்துக்கலாம்’ என்று எழுதி வைத்துப் பாருங்கள். வீணாவது குறையும். இன்னொன்றும் நடக்கும். பழக்கமில்லாத ஒரு டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவரிடம், பின்னால் நிற்பவர் “இதை முதல்லயே ஊறவைச்சிடுங்க, சீக்கிரம் வெந்துடும்” என்பார். ஒரே தெருவில் வருஷக்கணக்காக இருந்தும் பேசாதவர்கள் பேச ஆரம்பிப்பது இப்படித்தான். பையைக் கையில் திணித்து அனுப்பினால் இதற்கு இடமே இல்லை.

கொடுப்பவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம், வாங்குபவர்கள் இந்தப் பக்கம் என்று நிரந்தரமாகப் பிரித்துவிடுவது அடுத்த தவறு. பெட்டி இறக்க, தேதி பார்த்துப் பிரிக்க, பெருக்க என்று கை கொடுக்க வருபவர்களை “நீங்க உட்காருங்க, நாங்க பார்த்துக்கிறோம்” என்று தடுக்காதீர்கள். அதற்காக, வேலை செய்தால்தான் உணவு என்று விதி போட்டுவிடவும் கூடாது. அப்புறம் அது கூலியாகிவிடும்.

வாங்குபவர்களைப் போட்டோ எடுக்க வேண்டாம். நன்கொடையாளர் கேட்டால் நிரம்பிய அலமாரியை எடுத்து அனுப்புங்கள்.

நுழைந்தவுடன் படிவத்தை நீட்டி வருமானம், வாடகை, கடன் என்று விசாரணை நடத்துவதும் ஆளை விரட்டும் வழி. பிரிட்டனில் பல உணவு வங்கிகள் மருத்துவரோ ஆலோசனை மையமோ தரும் பரிந்துரைச் சீட்டைக் கேட்கின்றன. அதில் ஒரு நன்மை உண்டு: பசிக்குப் பின்னால் இருக்கும் பிரச்சினையை வேறொருவரும் கவனிப்பார். சின்ன அளவில் நடத்துபவர்களுக்குக் குடும்பத்தில் எத்தனை பேர், எது சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது என்ற இரண்டு கேள்விகளே போதும் என்பது என் கணிப்பு. ஏமாற்றிவிடுவார்களோ என்ற பயத்தில் போடும் கெடுபிடி, உண்மையில் பசித்தவரைத்தான் முதலில் திருப்பி அனுப்பும்.

நேரமும் முக்கியம். வேலை நாளில் காலை 11 மணிக்குத் திறந்தால் தினக்கூலிக்காரர் எப்படி வருவார்? வாரத்தில் ஒரு நாளாவது மாலையில் திறந்திருக்கட்டும்.

இலவசம்தானே என்று பாதுகாப்பில் அசட்டை கூடாது. சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. சூடாக வைப்பதென்றால் 60 டிகிரிக்கு மேல், குளிரில் என்றால் 5 டிகிரிக்குள் என்கிறது உலக சுகாதார அமைப்பு. உப்பிய டப்பாவை யோசிக்காமல் குப்பையில் போடுங்கள்.

உணவு கொடுத்தால் பசிப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பதும் தவறுதான். சம்பளம் வராமல், வாடகை ஏறி, உடம்பு படுத்து வருகிறவர்கள் அடுத்த வாரமும் வருவார்கள். அரசு உதவிகளுக்கு விண்ணப்பிக்கத் தெரிந்த ஒருவரை அங்கேயே உட்கார வையுங்கள். அவர் மேசையை வாசலில் போடாமல், டீ கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். அங்கே போய் உட்கார்ந்தால் டீ குடிக்கப் போனதாகத்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.