எண் கோட்பாட்டுக் கணக்கில் விடை எங்கே கெடுகிறது?

தருமபுரியில் எங்கள் வீட்டு மாடியில், ஞாயிறு காலைகளில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் கோடிங் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறார்கள். எண் கோட்பாடு (முழு எண்களைப் பற்றிய கணிதம்) என்றாலே "எனக்குக் கணக்கு வராது சார்" என்பார்கள். நோட்டை வாங்கிப் பார்த்தால் கணக்கு சரியாகவே இருக்கும். நிரலாக எழுதும்போதுதான் கெடுகிறது.

ஒகேனக்கல் பேருந்தும் சேலம் பேருந்தும் வெவ்வேறு நிமிட இடைவெளியில் கிளம்புகின்றன, மறுபடி எப்போது ஒன்றாகக் கிளம்பும் என்று ஒரு கேள்வி கொடுத்தேன். மீச்சிறு பொது மடங்குதான் விடை, அது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் இரண்டு எண்களையும் முதலில் பெருக்கிவிட்டு, அப்புறம் மீப்பெரு பொது வகுத்தியால் வகுத்தார்கள். சி பிளஸ் பிளஸ் நிரல் மொழியில் முழு எண்ணை வைக்கும் 'இன்ட்' வகை சுமார் 214 கோடி வரைதான் தாங்கும். 1 லட்சத்தை 1 லட்சத்தால் பெருக்கினால் 1000 கோடி வர வேண்டும். திரையில் பெரும்பாலும் 141,00,65,408 என்றுதான் வரும். விடையை மட்டும் இன்னும் பெரிய எண்களைத் தாங்கும் 'லாங் லாங்' வகையில் வாங்கினாலும் பயனில்லை, பெருக்கும் எண்களே லாங் லாங்காக இருக்க வேண்டும். முதலில் வகுத்துவிட்டுப் பெருக்குங்கள்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது மாடுலோவில், அதாவது ஓர் எண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக் கணக்கிடும்போது, வகுப்பதுதான். விடையை 100 கோடியே 7-ஆல் வகுத்து மீதி சொல் என்று கேட்பார்கள். கூட்டல், கழித்தல், பெருக்கலில் இடையிடையே மீதி எடுக்கலாம். வகுத்தலில் அப்படியே செய்யக் கூடாது. சின்ன எண்ணில் பாருங்கள்: 12-ஐ 4-ஆல் வகுத்தால் 3. மாடுலோ 7-இல் 12 என்பது 5 ஆகிவிடும். 5-ஐ 4-ஆல் வகுத்தால் நிரல் 1 என்று சொல்லும். வகுப்பதற்குப் பதில் தலைகீழ் எண்ணால் பெருக்க வேண்டும். 4-க்குத் தலைகீழ் எண் 2, ஏனென்றால் 4 × 2 = 8, மீதி 1. 5-ஐ 2-ஆல் பெருக்குங்கள்: 10, மீதி 3. சரியாக வந்துவிட்டது! அந்த 2-ஐக் கண்டுபிடிக்க 4-இன் 5-ஆம் அடுக்கை (7-இல் 2 குறைத்தால் 5) 7-ஆல் வகுத்து மீதி எடுத்தால் போதும் என்கிறது ஃபெர்மாவின் தேற்றம். மாடுலோ எண், அதாவது வகுக்கும் எண், பகா எண்ணாக இருந்தால் மட்டுமே இந்த வழி செல்லும். 100 கோடியே 7 பகா எண்தான். வேறு எண் கொடுத்தால் முதலில் அதைச் சோதியுங்கள்.

கழித்தலிலும் ஒரு கவனம் வேண்டும். சி பிளஸ் பிளஸில் மீதி எதிர்ம எண்ணாக வரலாம், அப்போது மாடுலோ எண்ணை ஒருமுறை கூட்டிக்கொள்ளுங்கள். பைத்தானில் இந்தத் தொல்லை இல்லை.

பகாக் காரணி பிரிக்கும்போது அந்த எண்ணின் வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். 14-இல் 2-ஐ எடுத்தபின் 7 மிச்சம் நிற்கிறது, அதுவும் ஒரு காரணி. லூப் முடிந்ததும் மிச்சம் 1-ஐவிடப் பெரிதா என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள்.