மேசை ஆட்டத்துக்கு மந்திரத் துணி நெய்வது: பாவு, ஊடை, சாயம்

பகடை உருட்டி ஆடும் கற்பனைக் கதையாட்டங்களில் வாளுக்கும் கேடயத்துக்கும் கிடைக்கிற மரியாதை துணிக்குக் கிடைப்பதில்லை. “மறைப்புப் போர்வை ஒன்று கிடைத்தது” என்று ஆட்டத்தை நடத்துகிற கேம் மாஸ்டர் சொல்வார், பிளேயர் தாளில் எழுதிக்கொள்வார். அடுத்த வாரம் அது துணி என்பதே எல்லோருக்கும் மறந்துவிடும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருந்து ஆடுகிறவர்களுக்கு இது நியாயமே இல்லை. மருதமுனைக் கைத்தறிச் சாரமும் சேலையும் உடுத்து வளர்ந்த ஊர்கள் இவை. தறிக்காரர் ஒருவரிடம் அரை மணித்தியாலம் பேசினாலே பத்து ஆட்டத்துக்கு விதி கிடைக்கும்.

துணி படிப்படியாக உருவாகிற பொருள். ஒவ்வொரு படியிலும் கெட்டுப்போக ஒரு வழி உண்டு. மந்திரத்தையும் அதன் குறையையும் அந்தப் படிகளிலிருந்தே எடுங்கள். கீழே வரும் எண்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பை ஒட்டியவை: 20 முகப் பகடையில் இலகுவான வேலைக்கு இலக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினத்துக்கு 20 (உருட்டல் இலக்குக்குக் குறையாமல் வந்தால் வெற்றி). வேறு விதிமுறையில் ஆடுகிறவர்கள் விகிதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

பாவு குணம், ஊடை நிபந்தனை

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருப்பது பாவு. நூலைச் சுமந்து ஓடும் நாடா என்ற கட்டையோடு குறுக்கே ஓடுவது ஊடை. பாவை ஏற்றிவிட்டால் துணி இறங்கும்வரை மாற்ற ஏலாது. ஊடையை எந்த இடத்திலும் மாற்றலாம், நாடாவுக்குள் வேறு நூல் சுற்றிய தார்க்குழல் போட்டால் போதும். இதை அப்படியே விதியாக்குங்கள். பாவு நூல் துணியின் நிரந்தரக் குணத்தைத் தீர்மானிக்கும். ஊடை நூல் அந்தக் குணம் எப்போது எழும்பும் என்பதைத் தீர்மானிக்கும். பாவு தீயைத் தாங்கும் நூல், ஊடை நிலவொளியில் நூற்ற நூல் என்றால், அந்தப் போர்வை இரவில் மட்டும் தீயைத் தாங்கும். பகலில் அது வெறும் போர்வை. பிளேயர் நெசவாளரிடம் போய் “பகலிலும் வேலை செய்யவேண்டும்” என்று கேட்டால், பழைய துணியைத் திருத்த முடியாது, புதிதாகத்தான் நெய்யவேண்டும். பேரம் பேச இடமில்லாத விதிதான் நல்ல விதி.

பாவில் ஒரு நிறமும் ஊடையில் இன்னொரு நிறமும் போட்டால் மயில்கழுத்து மாதிரி, பார்க்கும் பக்கத்துக்கு ஏற்ப நிறம் மாறும். மாறுவேடத் துணிக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை. முன்னால் நிற்பவருக்கு ஒரு முகமும் பக்கவாட்டில் நிற்பவருக்கு இன்னொரு முகமும் தெரியும். இரண்டு காவலர்கள் வேறு வேறு கோணத்தில் நின்றால் வேடம் கலையும்.

பாவு ஏன் அறுகிறது என்பதையும் ஆட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். கஞ்சி சரியாக ஏறாத நூல், தறியில் சீப்புப் போல இருக்கும் அச்சின் பல்லில் உரசிப் பஞ்சு எழும்பி அறும். காற்று காய்ந்திருந்தாலும் பருத்தி நூல் முறுகி அறும். காய்ந்த கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் நெய்தால் இலக்கை 2 கூட்டுங்கள், வாவிக்கரைக் குடிலில் ஈரப்பதத்தோடு நெய்தால் 2 குறையுங்கள். தோற்ற ஒவ்வொரு உருட்டலுக்கும் துணியில் ஒரு முடிச்சு. எதிரி 20 உருட்டினால் வெட்டு முடிச்சில் விழுந்து துணி அங்கிருந்து கிழியும்.

எவ்வளவு நூல் வேண்டும்

இந்தக் கணக்கைப் போடாமல், நூல் தேடிப் போகும் கதையை எழுதாதீர்கள். 3 மீற்றர் நீளம், 1.2 மீற்றர் அகலம் உள்ள போர்வை, சென்ரிமீற்றருக்கு 20 இழை. பாவில் 2,400 இழை. தறி முனைகளில் வீணாவதையும் சேர்த்து இழைக்கு 3.5 மீற்றர் என்றால் 8,400 மீற்றர். ஊடையில் 6,000 ஓட்டம், ஓட்டத்துக்கு 1.25 மீற்றர், ஆக 7,500 மீற்றர். மொத்தம் கிட்டத்தட்ட 16 கிலோமீற்றர் நூல். ஒரு இராட்சதச் சிலந்தியைக் கொன்று முழுப் போர்வை நெய்தோம் என்பதை மேசையில் யாரும் நம்பக்கூடாது. லண்டன் விக்டோரியா அண்ட் அல்பேட் அருங்காட்சியகத்தில் 2012இல் காட்சிக்கு வைத்த பொன்னிறச் சிலந்திப் பட்டு மேலங்கிக்கு மடகஸ்காரில் 12 இலட்சம் சிலந்திகளிலிருந்து நூல் எடுக்கவேண்டி வந்தது.

ஆகவே மந்திர நூலைக் கரையில் மட்டும் போடச் சொல்லுங்கள். இரண்டு கரைக்கும் 40 இழை வீதம் 80 இழை, தலா 3.5 மீற்றர், மொத்தம் 280 மீற்றர். ஒரு சிலந்திச் சுரப்பியில் 30 மீற்றர் கிடைக்கும் என்று வைத்தால் 10 சுரப்பிகள் வேண்டும். மூன்று அமர்வுக்குப் போதுமான வேட்டை. எட்டு சுரப்பியோடு திரும்பிவிட்டால் துணி குறுகலாகும், அதாவது ஒருவரை மறைக்கும், தோளில் தூக்கிய தோழரை மறைக்காது.

நேரக்கெடு வேண்டும் என்றால் தாமரைத் தண்டு நூலை எடுங்கள். மியன்மாரின் இன்லே ஏரியில் உண்மையாகவே நெய்கிறார்கள். தண்டைச் சுற்றிக் கீறி முறித்து இழுத்தால் சிலந்தி இழை போல நார் வரும், அதை ஈரம் காயுமுன் பலகையில் உருட்டித் திரிக்கவேண்டும். அம்பாறைக் குளங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியை விவரிக்கவே தேவையில்லை. ஆட்ட விதி: பறித்ததிலிருந்து அடுத்த விடியலுக்குள் திரிக்காவிட்டால் நூல் பாவுக்கு ஆகாது, ஊடைக்கு மட்டும் ஆகும்.

சாயமும் காரமும்

பெரும்பாலான இயற்கைச் சாயங்கள் தனியே பருத்தியில் நிற்காது. படிகாரமோ இரும்போ நடுவில் நின்று நூலையும் சாயத்தையும் இணைக்கவேண்டும், இந்த இணைப்புப் பொருளைத்தான் இங்கே காரம் என்கிறேன். மந்திரமும் அப்படியே என்று வையுங்கள். ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டி எடுத்த சாயவேர் நல்ல உதாரணம். படிகாரம் ஊட்டிய துணியில் அது சிவப்பு, இரும்பு ஊட்டியதில் கருமை கலந்த ஊதா. ஒரே வேர், இரண்டு துணி. ஆட்டத்தில் சிவப்பு உடுத்தவரைக் காக்கட்டும், கருமை உடுத்தவரை மறைக்கட்டும். காரமே போடாத துணி முதல் மழையோடு வெளுத்துவிடும், சந்தையில் ஏமாற்று வியாபாரி விற்பது இதைத்தான்.

இரும்புக்கு ஒரு விலை உண்டு, அது உண்மையான விலை. இரும்பு கூடினால் நூல் உக்கும். பழைய கறுப்புத் துணிகள் பல இப்படித்தான் பொடியாகிப் போயின. மறைப்புத் துணிக்கு 5 வலிமைப் புள்ளி கொடுங்கள். முப்பது நாள் உடுத்த பின் ஒவ்வொரு மாதமும் இலக்கு 10க்கு உருட்டி, தோற்றால் ஒரு புள்ளி போகும். பூச்சியத்தில் துணி தோளிலிருந்து உதிரும். கள்ளனுக்குக் கிடைத்த போர்வை தானாகவே தேய்வதால், அதிகப்படியான பலம் என்று கேம் மாஸ்டர் பறிக்கவேண்டிய நிலை வராது.

போர்வை அரைக் கிலோ என்றால் படிகாரம் 75 கிராம், அதாவது துணி எடையில் 15 சதவீதம். துணி தொட்டிக்குள் மடிந்து கிடந்தால் காரம் திட்டுத்திட்டாக ஏறும், சாயமும் அப்படியே. அந்தத் துணி காக்கும்போதெல்லாம் 6 முகப் பகடை ஒன்று உருட்டுங்கள். 1 விழுந்தால் அடி காரம் ஏறாத திட்டில் பட்டுவிட்டது.

நீலத்துக்குக் காரம் தேவையில்லை, அதற்கு வேறு வித்தை. அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பும் வெல்லமோ பழமோ சேர்த்து, காற்றுப் படாமல் வைத்து, தொட்டியில் உயிர்வாயுவை ஒழித்தால்தான் கரையும். பழச்சீனித் தொட்டிக்கு எடையில் நீலம் 1, சுண்ணாம்பு 2, பழச்சீனி 3. தயாரான தொட்டியின் மேலே செம்பு மினுக்கத்தோடு ஊதாப் படலம் கிடக்கும், கீழே தண்ணீர் மஞ்சள்பச்சை. நனைத்த துணியைக் குமிழி எழாமல் இறக்கி, சில நிமிடம் வைத்து, மெதுவாக எடுத்தால் பச்சையாக வரும். காற்றுப் பட்டதும் கண் முன்னாலேயே ஓரத்திலிருந்து நீலமாகும்.

இந்தப் பச்சை நேரம்தான் ஆட்டத்துக்குப் புதையல். மந்திரம் ஓதவேண்டியது பச்சை நீலமாகும் இடைவெளியில் மட்டும், பத்து சுற்று கொடுங்கள். கதவை உடைத்துக்கொண்டு எதிரி நுழைவதும் அப்போதுதான். தொட்டியில் முக்கி எடுக்கும் ஒவ்வொரு முக்குக்கும் இலக்கு 12, வென்ற ஒவ்வொரு முக்கும் துணிக்கு ஒரு பயன்பாடு. அவசரப்பட்டுக் கலக்கினால் காற்று புகுந்து தொட்டியே நீலமாகிவிடும். அதில் முக்கிய துணியில் சாயம் மேலோடு ஒட்டியிருக்கும், தொட்டால் கையில் வரும். தோற்ற முக்கு ஒன்றாவது உள்ள துணியை உடுத்தவர் போகுமிடமெல்லாம் நீலத் தடம் விடுவார், பின்தொடர்கிறவர்களுக்கு அனுகூல உருட்டல் (இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுப்பது).

ஊதாவை விலைக்குக் கொடுக்காதீர்கள். 1909இல் ஜேர்மன் இரசாயனவியலாளர் ஃபிரீட்லேண்டர் 12,000 மத்தியதரைக்கடல் நத்தைகளிலிருந்து எடுத்தது 1.4 கிராம் சாயம். அது அரசனின் பரிசாகவோ களவாகவோ மட்டும் வரட்டும்.

மேசையில் வைக்க ஒரு துண்டு

கையில் துணி இருந்தால் பிளேயர்கள் நடந்துகொள்வதே வேறு. 100 கிராம் வெள்ளைப் பருத்தியைச் சலவைச் சோடா போட்டு ஒரு மணித்தியாலம் அவித்து அலசுங்கள். கஞ்சிப்பசை போகாவிட்டால் நிறம் ஏறாது. இரண்டு லீற்றர் சுடுநீரில் 15 கிராம் படிகாரம் கரைத்து இரவு முழுக்க ஊறவையுங்கள். 50 கிராம் மஞ்சள் தூளோடு முக்கால் மணித்தியாலம் மெல்லிய சூட்டில் வைத்து, அலசி நிழலில் காயவிடுங்கள். சமைக்கிற பாத்திரத்தில் செய்யக்கூடாது.

சுண்ணாம்புத் தெளிநீரைத் தூரிகையால் தொட்டு எழுதினால் அந்த மஞ்சளில் எழுத்து சிவப்பாக எழும்பும். தேசிக்காய்ப் புளி பட்டால் மறுபடி மஞ்சளாகும். துண்டையும் சிறு போத்தலில் சுண்ணாம்புத் தண்ணீரையும் பிளேயரிடம் கொடுத்துவிட்டு, கதைக்குள் கிடைத்த குறிப்பை அவர்களே கண்டுபிடிக்க விடுங்கள். சுண்ணாம்புத் தண்ணீர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், ஆகவே ஆட்டம் வரைக்கும் துண்டைப் புத்தகத்துக்குள் வையுங்கள். கதைக்குள்ளும் அதே விதி: மஞ்சள் துணி முதல் நிலை வீரர்களுக்கு மலிவாகக் கிடைக்கலாம், வெயிலில் நடந்த ஒவ்வொரு நாளும் ஒரு பயன்பாட்டைத் தின்னும்.

துணியை அடையாளம் காண மந்திரம் தேவையில்லை. ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவிக் கொளுத்தச் சொல்லுங்கள். பருத்தியும் தாமரையும் கடதாசி எரியும் வாசம், பட்டும் கம்பளியும் மயிர் கருகும் வாசம், சாம்பல் விரலில் நொறுங்கும். மந்திர இழை எப்படி எரியும் என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். ஆனால் உருவிய இழை கரையில் இருந்தால் அந்த 80இல் ஒன்று போய்விட்டது, தாளில் 79 என்று எழுதச் சொல்லுங்கள்.