ஊருக்குப் போகையில் எந்தக் கமரா?

கோடை விடுமுறைக்கு ரிக்கற் போட்டதும் சிலர் கேட்பார்கள்: லென்ஸ் மாற்றும் கமராவைக் கொண்டுபோகவா, லென்ஸ் கழற்ற முடியாத சின்னக் கமரா ஒன்று வாங்கவா? இரண்டையும் யாழ்ப்பாணத்துக்குச் சுமந்து பார்த்தவன் நான். உங்கள் பயணம் சொந்தக்காரரைப் பார்க்கத்தான் என்றால் சின்னது. தேரும் பறவைகளும்தான் குறி என்றால் மற்றது.

முதல் தடவை போனபோது கமரா ஒன்று, லென்ஸ் மூன்று, முதுகில் ஒரு பை. விடியக்காலை அம்மம்மா குசினியில் திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நீத்துப்பெட்டியில் பிட்டு அவிந்துகொண்டிருந்தது. ஒற்றை யன்னலால் வந்த வெளிச்சம் அந்த ஆவியில் பட்டுக் கோடு கோடாகத் தெரிந்தது. நான் பையைத் திறந்து, லென்ஸை மாற்றி, மூடியைக் கழற்றி நிமிர்ந்தேன். "நில்லு தம்பி, சீலை மாத்திக்கொண்டு வாறன்" என்று எழும்பிவிட்டார். பத்து நிமிடம் கழித்து நல்ல சீலையும் திருநீறுமாக விறாந்தைக் கதிரையில் வந்து இருந்தார், கலியாண வீட்டுப் படத்துக்கு இருப்பதுபோல. அந்தப் படம் இருக்கிறது. குசினிப் படம் இல்லை.

அடுத்த முறை ரிக்கோ ஜிஆர் 3 மட்டும் கொண்டுபோனேன். பற்றரியோடு 257 கிராம், காற்சட்டைப் பொக்கற்றில் போகும். சென்சர், அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு, ஏபிஎஸ்-சி அளவு (லென்ஸ் மாற்றும் கமராக்கள் பலவற்றில் இருக்கும் அளவு). லென்ஸ் புல் பிரேம் (பழைய 35 மிமீ பிலிம் அளவுச் சென்சர்) கணக்கில் 28 மிமீ; இந்த எண் சின்னதென்றால் அகலமாகத் தெரியும், பெரிதென்றால் தூரம் கிட்ட வரும். ஊர்க் குசினிகள் ஒடுக்கமானவை, சுவரில் முதுகு முட்ட நின்றாலும் 28 மிமீயில் ஆளும் அடுப்பும் ஒன்றாக விழும். அதைக் கமரா என்றுகூட நினைக்காமல் அம்மம்மா தன் பாட்டில் கதைத்துக்கொண்டே இருந்தார். குறை இல்லாமல் இல்லை. ஒரு பற்றரிக்கு 200 படம்தான் கணக்கு, அதனால் மூன்று பற்றரியாவது வேண்டும். உதிரி பற்றரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், விமானத்தில் சரக்குப் பெட்டிக்குள் போட விடமாட்டார்கள்.

புஜிபில்மின் எக்ஸ் 100 விஐ இன்னொரு வகை. 2024இல் வந்தது, 521 கிராம், 35 மிமீ கோணம், எஃப் 2 (லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கும் என்ற எண், சின்னதென்றால் வெளிச்சம் கூட). இருட்டு அறையில் ஜிஆரை விட ஒரு படி, அதாவது இரண்டு மடங்கு, வெளிச்சம் கூட வாங்கும். 40 மெகாபிக்சல் இருப்பதால் 70 மிமீ அளவுக்கு வெட்டினாலும் 10 மெகாபிக்சல் மிஞ்சும். எனக்கு இதில் பிடித்தது பிளாஷ். மத்தியானம் முற்றம் வெள்ளையாக எரியும், விறாந்தையில் நிற்கும் பெரியம்மாவின் முகம் கறுத்துப்போகும். இதன் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் வேகமான ஷட்டரிலும் பிளாஷ் வேலை செய்யும், முகத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் கொடுத்தாலே போதும். லென்ஸ் மாற்றும் கமராக்களில் பெரும்பாலும் 1/160 முதல் 1/250 செக்கன் ஷட்டர் வரைதான் சாதாரண பிளாஷ் ஒத்துப்போகும்.

சூம் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு சோனி ஆர்எக்ஸ் 100 வரிசையின் ஏழாவது கமரா: 302 கிராமில் 24 முதல் 200 மிமீ வரை. சென்சர் சின்னது. பகலில் நன்றாக இருக்கும், விளக்கு வைத்த பிறகு படம் புள்ளி விழும்.

இனி மற்றப் பக்கம். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள், தேர் 24ஆம் நாள். கோயிலுக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை. ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் போக வேண்டும், வேட்டியில் பொக்கற்றும் கிடையாது. எந்தக் கமராவானாலும் உள்ளே போகும்போது வெளியில் நிற்பவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். வீதியில் தேர் அசையும்போது நிலைமை வேறு. சனத்துக்குள் நசிபட்டு நின்று தேரின் மேலே இருக்கும் சுவாமியை எடுக்க 28 மிமீ உதவாது, 200 மிமீயாவது வேண்டும். சோனி ஏ6400 போன்ற ஒன்றில் 18-135 மிமீ லென்ஸ் போட்டால் மொத்தம் முக்கால் கிலோவுக்குக் கிட்ட வரும், புல் பிரேம் கணக்கில் 200 மிமீ எட்டும். திரையைச் சரிக்க முடிவது இங்கே பெரிய உதவி: கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, கீழிருந்து பார்த்து எடுக்கலாம். ஜிஆர் 3இன் திரை அசையாது, குருட்டடிதான். மாரியில் மன்னார், சுண்டிக்குளம் பக்கம் பூநாரை பார்க்கப் போகிறவர்களுக்கு 200 மிமீயும் காணாது.

அப்படிக் கொண்டுபோனால் லென்ஸ் ஒன்றோடு நில்லுங்கள். நெடுந்தீவுக்குப் போகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளத்துக்குக் காத்து நின்றபோது, காற்றடித்துக்கொண்டிருக்க நான் லென்ஸ் மாற்றினேன். அதன் பிறகு எடுத்த ஒவ்வொரு வானத்திலும் வலது மூலையில் மூன்று கறுப்புப் புள்ளி. நெடுந்தீவில் குதிரைகளுக்கு மேலும் புள்ளி, பெருக்கு மரத்துக்கு மேலும் புள்ளி. செம்மண் ஒழுங்கையில் லாண்ட்மாஸ்ரர் (இரு சக்கர உழவு இயந்திரம்) போனபின் பார்த்தால் தெரியும், தூசி எவ்வளவு நேரம் நிற்கும் என்று. மாற்றியே ஆகவேண்டும் என்றால் வீட்டுக்குள், மின்விசிறியை நிறுத்தி, கமராவின் வாயைக் கீழே பார்க்கப் பிடித்து மாற்றுங்கள். லென்ஸ் கழற்றாத கமராவுக்குத் தூசி போகாது என்றும் நினைக்க வேண்டாம். ஜிஆரில் லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே மடங்கும்போது தூசியையும் இழுத்துக்கொள்ளும், போய்விட்டால் நாமே துடைக்க வழியில்லை. எக்ஸ் 100 விஐக்கும் முன்னால் வளையமும் ஃபில்டரும் போட்டால்தான் தூசி, தூறல் காப்பு முழுமை.

ஏசி அறையிலிருந்து வெளியே வந்தவுடன் எல்லாக் கமராவும் மூடுபனி பிடிக்கும். பிளாஸ்டிக் பைக்குள் மூடிக் கொண்டுவந்து, வெளிச்சூட்டுக்குப் பழகிய பிறகு திறவுங்கள். முகாம், சோதனைச் சாவடிப் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம். பெரிய லென்ஸ் தொங்கினால் கேள்வியும் கூட வரும்.

ஒரு வேலைக்கு மட்டும் இரண்டு வகையும் சரி. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் தப்பிய ஆல்பம் வீட்டில் இருந்தால் அதைப் படமெடுக்காமல் திரும்பாதீர்கள். யன்னலோரம் தரையில் வைத்து, பிளாஷ் இல்லாமல், கமராவைத் தாளுக்கு நேர்மேலே பிடியுங்கள். 28 மிமீயில் மிகக் கிட்டப் போனால் உங்கள் நிழலே தாளில் விழும், சூம் லென்ஸின் 50 மிமீப் பக்கம் இதற்கு வசதி. பின்பக்கம் எழுதியிருப்பதையும் எடுங்கள், படத்தில் இருப்பவர் யார் என்று அம்மம்மாவைக் கேட்டு எழுதியும் வையுங்கள்.

புறப்பட இரண்டு நாள் முன்பு, நல்ல படங்களை ரவுண் ஸ்ரூடியோ ஒன்றில் பிரின்ற் போட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்று போன தடவையும் சொன்னது அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.