பின் சக்கரம் ஆடினால் ஹப்பைப் பிரியுங்கள்

சைக்கிளில் பெடலை மிதிக்காமல் உருளும்போதும் பின்னாலிருந்து கரகரவென்று சத்தம். செயினாக இருந்தால் மிதிக்கும்போதுதான் கேட்கும். டயரைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தேன், ரிம் பிரேக் கட்டையில் இடித்தது. செயின் ஓடும் பின் பல்சக்கரமான ஃப்ரீவீல் மட்டும் லேசாக ஆடினால் கவலையில்லை, அது பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ரிம்மே ஆடினால், சக்கரத்தின் நடுவில் அச்சைச் சுற்றியிருக்கும் ஹப்பைத்தான் சந்தேகப்படவேண்டும்.

சக்கரத்தைக் கழற்றி அச்சை விரலால் சுற்றினால் மணலை அரைக்கிற மாதிரி நறநறத்தது. ஃப்ரீவீல் இல்லாத பக்கத்தில் லாக் நட்டையும், அதற்கு உள்பக்கம் குண்டுகளைத் தாங்கும் கூம்பு வடிவக் கோனையும் கழற்றி, கீழே பழைய துணி விரித்து அச்சை உருவினேன். துணி இல்லாவிட்டால் பால்ரஸ் குண்டுகளைக் கட்டிலுக்கடியில்தான் தேடவேண்டும். கிரீஸ் கறுத்துக் காய்ந்திருந்தது. துடைத்துப் பார்த்தால் குண்டுகளில் பளபளப்பே இல்லை, கோனில் அவை ஓடும் தடத்தில் சின்னச் சின்னக் குழிகள். ஹப்புக்குள் குண்டுகள் உட்காரும் கிண்ணமான கப்பைப் பேனா முனையால் தடவினேன், எங்கும் தட்டவில்லை. அதுவும் போயிருந்தால் ஹப்பையே மாற்றவேண்டியிருக்கும்.

புதிய கோன்களும், பக்கத்துக்கு 9 வீதம் கால் அங்குலக் குண்டுகளும் வாங்கினேன். பழைய கோனைக் கடைக்குக் கொண்டுபோங்கள், மரை மாறினால் பொருந்தாது. பழைய குண்டுகளில் நல்லதாகப் பொறுக்கிப் புதியதோடு கலக்கவேண்டாம். அளவு கொஞ்சம் வித்தியாசப்பட்டாலும் பாரமெல்லாம் பெரிய குண்டுகள் மேல்தான் விழும்.

கப்பில் கிரீஸைத் தாராளமாக அப்பிக் குண்டுகளை ஒட்டவைத்தேன். அப்புறம்தான் நிஜமான வேலை. கோனை விரலால் முட்டும்வரை திருகி, ஒரு பொட்டு தளர்த்தி, ஒல்லியான கோன் ஸ்பானரால் அதைப் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்கவேண்டும். நட் இறுகும்போது கோனும் கூடவே நகர்ந்து தொலைக்கும். அச்சு ஆடவும் கூடாது, சுற்றும்போது பிடிக்கவும் கூடாது. அதுவரை பொறுமையாகத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டியதுதான்.